கொழும்பு வெயிலும் நமது உடையும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று ஆரம்ப வகுப்பிலேயே படித்திருக்கிறோம். இவற்றுள் உணவை நாம் வாழும் மண்ணுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டோம். தென்னை வளரும் நாட்டில் தேங்காய்ப்பால் சேர்த்துச் சமைக்கிறோம். நோன்பு திறக்கவும் நம் நாட்டுக் கஞ்சிதான் வேண்டும். உறையுளையும் முன்னோர் அவ்வாறே அமைத்தனர். கொட்டாஞ்சேனையில் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் உயர்ந்த கூரையும் முன்விறாந்தையும் காற்று வரவேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டவை. உடை விடயத்தில் மட்டும் நாம் அவ்வளவு யோசிப்பதில்லை. கடைக் கண்ணாடிக்குள் தொங்குவதையும் கைபேசித் திரையில் தெரிவதையும் அப்படியே வாங்கிவிடுகிறோம். அது எந்த நாட்டு வெயிலுக்காக, எந்த நாட்டுக் குளிருக்காகத் தைக்கப்பட்டது என்று கேட்பதில்லை.

இளம்பெண் ஒருத்தி வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை வரை 100 ஆம் இலக்க பஸ்ஸில் போய் வருவதற்குள் அவள் உடை அவளுக்கு உதவுகிறதா, உபத்திரவம் தருகிறதா என்பது தெரிந்துவிடும். ஒழுக்கமும் வேண்டும், அழகும் வேண்டும், உடம்புக்கு இதமும் வேண்டும். இம்மூன்றும் ஓர் உடையில் சேர முடியுமா? முடியும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேர்வை செய்யும் வேலை

கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பநிலை ஏறத்தாழ 30 பாகை செல்சியசை அண்டியே இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் அது சற்றுக் கூடும். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் நமது ஊர் அவ்வளவு கடுமையான ஊர் அல்ல. கோடையில் ரியாத் நகரில் 40 பாகைக்கு மேலே வெயில் எரிக்கிறது. ஆனால் அங்கு காற்று உலர்ந்தது. நமது காற்றோ கடலை ஒட்டியது. பெரும்பாலான நாட்களில் அதன் ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டுகிறது. நம்மைக் களைக்க வைப்பது இந்த ஈரமே. அதனால்தான் நமது வளிமண்டலவியல் திணைக்களமும் வெப்ப எச்சரிக்கை விடுக்கும்போது வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ஈரப்பதனையும் சேர்த்து, மனித உடல் உணரும் வெப்பத்தைக் கணக்கிடுகிறது.

உடல் தன்னைக் குளிர்விக்கப் பயன்படுத்தும் வழிகளுள் முக்கியமானது வேர்வை. வேர்வை வெளிவருவதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக வேண்டும். ஒரு லீட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பம் அகலும். நம் குழாயில் வரும் நீரில் ஏழு லீட்டருக்கும் மேல் கொதிக்க வைக்க இந்த வெப்பம் போதும். இவ்வளவு பெரிய குளிரூட்டும் இயந்திரத்தை இறைவன் நம் தோலிலேயே வைத்திருக்கிறான். அது வேலை செய்ய, தோலுக்கும் துணிக்கும் இடையில் காற்று அசைய வேண்டும்.

காற்றில் ஏற்கனவே நீராவி நிறைந்திருந்தால் வேர்வை மெதுவாகவே ஆவியாகும். அதன்மேல், காற்றும் நீரும் புகாத துணியை உடலோடு ஒட்டப் போர்த்திக்கொண்டால் வேர்வை ஆவியாகாமல் வழியத் தொடங்கும். வேர்க்குரு, படர்தாமரை, தேமல், தலையில் பொடுகு போன்றவை ஈரம் தங்கும் இடங்களில் எளிதில் தலைகாட்டுகின்றன. தலைவலியும் சோர்வும் கூட வரும். பிள்ளை படிப்பில் கவனம் செலுத்தவில்லை என்று குறைகூறும் முன், பிற்பகல் மூன்று மணி வகுப்பில் அவள் எந்தத் துணிக்குள் உட்கார்ந்திருக்கிறாள் என்றும் பார்க்க வேண்டும்.

பாலைவனத்து அங்கி தரும் பாடம்

பாலைவனத்தில் வாழும் பதவி அரபிகள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்ற கேள்வி விஞ்ஞானிகளையும் வியப்பில் ஆழ்த்தியது. கறுப்பு நிறம் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும் என்பது நாம் விஞ்ஞான பாடத்தில் கற்றது. 1980 ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான சஞ்சிகையில் இது பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி ஆகியவற்றை அணிந்து ஒருவர் பாலைவன நண்பகல் வெயிலில் நின்றபோது, உடலைச் சென்றடைந்த வெப்பம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கறுப்புத் துணி வெளிப்புறத்தில் கூடுதலாகச் சூடானது உண்மை. ஆனால் அங்கி தொளதொளவென்று இருந்ததால், உள்ளே இருந்த காற்று மேலெழுந்தும் அசைந்தும் அந்தக் கூடுதல் வெப்பத்தைத் தோலை அடையுமுன்பே வெளியே கொண்டுபோய்விட்டது.

இதிலிருந்து நாம் இரண்டு பாடங்களைப் பெறலாம். முதலாவது, உடலை மூடும் தளர்வான உடை வெப்ப நாட்டுக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் தவறானது. இறுக்கமான குட்டை உடையை விடத் தளர்வான நீண்ட உடை நிழலும் தரும், காற்றும் தரும். ஹயாவைப் பேணும் உடையும் உடலுக்கு இதமான உடையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இரண்டாவது பாடம், அந்தப் பாலைவனத்துக் காற்று உலர்ந்தது என்பதை மறக்கக் கூடாது. அங்கே வேர்வை நொடியில் காய்ந்துவிடும். கொழும்பில் அப்படிக் காயாது. ஆகவே அங்கியின் தளர்வை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். துணியை மட்டும் நம் ஊருக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். 1980களிலிருந்து மத்திய கிழக்குத் தொழில்வாய்ப்போடு நம்மிடையே பரவிய அபாயாக்களில் பெரும்பாலானவை செயற்கை இழைத் துணியில் தைக்கப்பட்டவை. சுருங்காது, சாயம் போகாது, இஸ்திரி போடும் வேலையும் குறைவு. இவை அதன் நன்மைகள். ஆனால் காலி வீதியில் நண்பகலில் நடப்பவருக்கு அதே துணி பெரும் சுமையாகிறது.

துணியை அறிதல்

துணிகளின் குணத்தை அறிய ஒரு சிறு கணக்கு உதவும். உலர்ந்த 100 கிராம் பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்து ஏழு எட்டு கிராம் நீராவியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். விஸ்கோஸ், லினன் ஆகியவை இன்னும் கூடுதலாக வாங்கும். பொலியெஸ்டரோ அரைக் கிராம் கூட வாங்குவதில்லை. பொலியெஸ்டர் உடையில் நாம் உணரும் புழுக்கத்துக்கு இது ஒரு முக்கிய காரணம்.

அதற்காகப் பருத்தி என்று பெயர் இருந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. தடித்த டெனிம் துணியும் பருத்திதான். மழையில் நனைந்தால் அது பாரமாகி, அன்று முழுவதும் காயாது. நமக்கு வேண்டியது மெல்லிய, இழைகளுக்கிடையே சிறிது இடைவெளியுள்ள, ஆனால் உள்ளே தெரியாத பருத்தி. விஸ்கோஸ் மென்மையாக விழும்; ஹிஜாபுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் ஈரமாக இருக்கும்போது அதன் வலிமை குறையும். ஆகவே அதை முறுக்கிப் பிழியக் கூடாது. லினன் நம் காலநிலைக்குச் சிறந்தது. விலை அதிகம், எளிதில் கசங்கும். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணியில் பருத்தியின் பங்கு பாதிக்கு மேல் இருந்தால் அன்றாடப் பாவனைக்குச் சமாளிக்கலாம். விளையாட்டுக்கென்று விசேடமாக நெய்யப்படும் பொலியெஸ்டர் வேறு வகை. அது வேர்வையைத் துணியின் வெளிப்புறத்துக்குக் கடத்திவிடுவதால் மைதானத்துக்கு நல்லது.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. துணியை வாய்க்கருகில் பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் கையில் காற்றுப் பட்டால் அது மூச்சுவிடும் துணி. உள்ளங்கையில் வைத்து அரை நிமிடம் பொத்திப் பிடியுங்கள். கை புழுங்கினால் உடலும் புழுங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அதற்கு உள்ளுடுப்பு வேண்டிவரும். இரண்டு அடுக்காகும்போது மெல்லிய துணியின் பயன் போய்விடும். கடைசியாக, உட்புறம் தைத்திருக்கும் சிறு சீட்டில் இழையின் பெயர் எழுதியிருக்கும். அதை வாசிக்கும் பழக்கம் விலைச்சீட்டை வாசிக்கும் பழக்கத்தைப் போலவே நமக்கு வர வேண்டும்.

முன்னோர் உடுத்தியவை

மரபு உடை என்றதும் அது ஆதியிலிருந்தே மாறாமல் வந்தது என்று எண்ணுகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நம் வாப்பாமாரும் அப்பாமாரும் வீட்டில் உடுத்தும் கட்டம்போட்ட பளயகட் சாரத்தின் பெயர், தமிழகத்தின் கடற்கரை ஊராகிய பழவேற்காட்டிலிருந்து வந்தது. அதே துணி மலாய் நாடுகளுக்கும் போய் அங்கே ‘பெலேக்காட்’ என்று பெயர் பெற்றது. கம்பாயம் என்ற சொல் குஜராத்தின் கம்பாத் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர். நம் மூத்தம்மாமார் சேலை உடுத்து, அதன் முந்தானையால் தலையை மூடினர். சேலையும் இந்துமாக் கடலெங்கும் சுற்றிய துணி வியாபாரத்தோடு பிணைந்ததுதான்.

ஆண்களின் துருக்கித் தொப்பியின் கதை இன்னும் சுவையானது. எகிப்தின் ஒராபி பாஷா 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த காலத்தில் அது இங்கே பெரிதும் பரவியது. 1905 ஆம் ஆண்டு சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் அத்தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது, அதைக் கழற்றும்படி பிரதம நீதியரசர் லயாட் பணித்தார். முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 31 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் திடலில் மாபெரும் கண்டனக் கூட்டம் நடைபெற்றது. பின்னர் தொப்பியணிந்து வாதாடும் உரிமை கிடைத்தது.

வந்து இருபது ஆண்டு சொச்சமே ஆன ஒரு தொப்பிக்காக ஒரு சமூகமே திரண்டது. உடை மானத்தோடும் அடையாளத்தோடும் எவ்வளவு ஆழமாகப் பிணைந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் இன்று அந்தத் தொப்பியை அன்றாடம் அணிபவரைக் காண்பது அரிது. துருக்கியே 1925 இல் அதைத் தடைசெய்துவிட்டது, காலமும் மாறியது. கம்பளியால் செய்த அத்தொப்பி நம் வெயிலுக்கு உகந்ததாகவும் இல்லை. உரிமைக் குரல் எதுவும் எழாமலேயே சாரம் மட்டும் நிலைத்து நிற்கிறது. காற்றுக்கு இடம் தரும் உடைக்கு ஆயுள் அதிகம் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

கைத்தறியும் பத்திக்கும்

வெள்ளவத்தைக்கும் துணிக்கும் உள்ள தொடர்பு காலி வீதிச் சேலைக் கடைகளோடு தொடங்கியதல்ல. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை ஒரு காலத்தில் இந்நாட்டின் பேர்பெற்ற ஆலையாக விளங்கியது. 1933 ஆம் ஆண்டு அங்கே சுமார் 1,400 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுக்குத் தலைமை தாங்கினார். இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் அது முக்கியமான நிகழ்ச்சி. நாம் அணியும் ஒவ்வொரு முழத்திலும் யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கிறது என்பதை நம் ஊரின் பழங்கதையே நினைவூட்டுகிறது.

கிழக்கிலே, கல்முனைக்கு அருகிலுள்ள மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன முஸ்லிம் ஊர். சாரமும் சேலையும் அங்கே தறியில் நெய்யப்படுகின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல்கோள் அவ்வூரையும் விட்டுவைக்கவில்லை. தறிகள் அழிந்தும் நெசவு அங்கே முற்றாக அழிந்துவிடவில்லை. இயந்திரத் துணியோடு விலையில் போட்டியிட முடியாமல் நெசவாளர் படும் பாடு தனிக்கதை. கைத்தறிப் பருத்தி சற்று நெகிழ்வாக நெய்யப்படுவதால் காற்றை விடும். துவைக்கத் துவைக்க மென்மையாகும். நம் மொழி பேசும், நம் மார்க்கத்தைப் பின்பற்றும் மக்கள் நெய்யும் துணி நம் வெயிலுக்கே பொருத்தமாக அமைந்திருக்க, நாம் அதை வயதானவர்களின் துணி என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

பத்திக் கலை சாவகத் தொடர்பால் இங்கு வந்தது. மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது என்பதே அதன் அடிப்படை. 1960களில் ஏனா டி சில்வா என்ற பெண்மணி அதற்குப் புத்துயிர் தந்தார். பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் கூரைக்கு அவர் செய்த பத்திக் வேலைப்பாடு உலகப் புகழ் பெற்றது. அதே பத்தாண்டில், 1964 இல், பாபரா சன்சோனி ‘பேர்ஃபுட்’ நிறுவனத்தைத் தொடங்கி, கிராமத்துப் பெண்கள் நெய்த துணிக்குப் பளிச்சிடும் நிறங்களால் புதிய வாழ்வளித்தார். இருவரும் பழையதை அப்படியே பின்பற்றவில்லை. கைவேலையை வைத்துக்கொண்டு வடிவத்தைப் புதுப்பித்தனர்.

இந்தோனேசியாவின் பத்திக்கை 2009 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழ்வதாக நாம் படித்த அந்நாட்டில், இளம்பெண்கள் பத்திக் சட்டையும் ஹிஜாபும் அணிந்து அலுவலகமும் பல்கலைக்கழகமும் செல்கின்றனர். நம்மைப் போலவே அவர்களும் ஈரவெப்பத்தில் வாழ்பவர்கள்.

இளையோரின் வீதியுடை

இப்போது நமது அலுமாரிக்கு வருவோம். மரபும் புதுமையும் கலந்து, இங்கேயே கிடைக்கும் துணியில் அமைக்கக்கூடிய சில உடைகள் இவை:

கைத்தறிப் பருத்தியில் முழங்கால் வரை நீண்ட, முன்னால் பொத்தான் வைத்த தளர்வான சட்டை. அதற்கு அகன்ற காலுடைய பருத்திக் காற்சட்டை. இது சல்வாரின் தங்கை என்றே சொல்லலாம்; துப்பட்டாவுக்குப் பதில் விஸ்கோஸ் ஹிஜாப்.

கட்டம்போட்ட சாரத் துணியில் தைத்த கணுக்கால் வரையிலான பாவாடை. மேலே ஒரே நிறத் தளர்வான சட்டை. வாப்பாவின் சாரம் மகளின் நாகரிக உடையாவது இவ்வாறுதான்.

முன்புறம் திறந்த, மெல்லிய பருத்தி அபாயா. கறுப்பு மட்டுமே வேண்டும் என்பதில்லை. சாம்பல், மண்நிறம், கடல்நீலம் ஆகியவையும் அடக்கமான நிறங்களே. கையோரத்தில் ஒரு சிறு பத்திக் கரை போதும், அது நம் நாட்டு அபாயாவாகிவிடும்.

ஹிஜாபின் உள்ளே அணியும் தொப்பி பருத்தியாக இருக்க வேண்டும். ஈரக் கூந்தலை உலர்த்தாமல் கட்டி மூடுவது பொடுகுக்கு அழைப்பு விடுப்பதாகும். காலுக்குக் கன்வஸ் சப்பாத்து நல்லது. ஆனால் மே முதல் மழைக்காலத்தில் விரைவில் காயும் செருப்பே உகந்தது.

தம்பி, நானாமாரையும் விட்டுவிடக் கூடாது. கறுத்தத் தடித்த ஹூடியைப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிவது அவர்களும்தான். கொலர் இல்லாத கைத்தறிச் சட்டையும் தளர்ந்த காற்சட்டையும் ஜும்ஆவுக்கும் பொருந்தும், மாலையில் கடற்கரைக்கும் பொருந்தும்.

தையற்காரரிடம் சொல்ல வேண்டியவை

நல்ல துணியும் தவறான வெட்டில் வீணாகும். கைக்குழியைச் சற்று இறக்கி வெட்டச் சொல்லுங்கள். அக்குளில் காற்று வரும், தையலும் கிழியாது. கைமுனையில் பொத்தான் வைத்தால் வுழூச் செய்யும்போது இலகுவாக உயர்த்தலாம். கீழ்ச்சுற்றளவு பஸ் மிதிபலகையில் ஏறும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். நீளம் கணுக்கால் வரை போதும். நிலத்தில் இழுபடும் ஓரம் சேற்றையும் வீதி அழுக்கையும் வீட்டுக்குக் கொண்டுவரும். மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து செல்வோர், சோலையோ அபாயா ஓரத்தையோ சில்லில் சிக்காதபடி சேர்த்துப் பிடித்து அமர்வது உயிர்காக்கும் பழக்கம். அத்துடன் இருபுறமும் ஆழமான பை வைக்கச் சொல்லுங்கள். பெண்களின் உடையில் பை தேவையில்லை என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை! பஸ் பணமும் கைபேசியும் உடலோடு பத்திரமாக இருக்கும்.

பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்குமுன் ஒரு முறை நனைத்துக் காயவைப்பது அவசியம். அது முதல் நனைப்பிலேயே சற்றுச் சுருங்கிவிடும்.

உம்மாமாருக்கும் மகள்மாருக்கும்

"இந்த உடுப்போடயா மகள் வெளிய போற?" "எல்லாரும் இப்படித்தானே உம்மா உடுக்கிறாங்க!" இந்த உரையாடல் கேட்காத வீடு கொழும்பில் குறைவு. பெரும்பாலும் இருவரும் வெவ்வேறு விடயங்களைப் பேசுகிறார்கள். உம்மாவின் கவலை மகளின் பாதுகாப்பும் குடும்பத்தின் கண்ணியமும். மகளின் ஏக்கம் தன் வயதினரோடு ஒன்றாக நிற்பது. இரண்டுமே நியாயமானவை. வாதம் சட்டையின் நீளத்தில் வந்து நின்றுவிடுவதால்தான் இரு பக்கமும் காயப்படுகிறது.

கடைக்குப் போகுமுன் இருவரும் சேர்ந்து சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இது மறைக்க வேண்டியதை மறைக்கிறதா? இதை உடுத்து நண்பகலில் பஸ் தரிப்பிடத்தில் பத்து நிமிடம் நிற்க முடியுமா? ஐம்பது தடவை துவைத்தாலும் தாங்குமா? இம்மூன்றுக்கும் ஆம் என்றால், நிறத்தையும் வடிவத்தையும் மகளின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். இல்லை என்றால், விலையுயர்ந்ததானாலும் திரும்பி வந்துவிடலாம். முதல் கேள்வியை மட்டும் கேட்கும் பெற்றோர் பிள்ளையின் உடல்நலத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கும் பிள்ளை பெற்றோரின் உழைப்பை மறந்துவிடுகிறாள். பொருளாதார நெருக்கடிக்குப் பின் துணி விலை எவ்வளவு உயர்ந்துள்ளது என்பது வீட்டுச் செலவைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். பருவத்துக்குப் பருவம் வாங்கி எறியும் ஐந்து மலிவு உடைகளை விட, நன்கு தைத்த இரண்டு பருத்தி உடைகள் நீண்ட காலம் உழைக்கும்.

இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தைத்த ஆடைகளிலிருந்தே கிடைக்கிறது. உலகத்துக்கே தைத்துக் கொடுக்கும் கைகள் நம்மிடம் உண்டு. நமக்கு எது பொருந்தும் என்று நாமே வரைந்து, நாமே வெட்டி, நாமே தைக்கும் ஆற்றலும் நமக்கு வர வேண்டும். மனையியல் பாடத்தில் ஊசி பிடிக்கக் கற்ற மாணவியர் அடுத்த விடுமுறையில் ஒரு காரியம் செய்யலாம். இரண்டரை மீற்றர் கைத்தறித் துணி வாங்கி, உம்மாவையோ மூத்தம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சட்டை தைத்துப் பாருங்கள். முதல் சட்டையின் கழுத்துச் சற்றுக் கோணலாகத்தான் வரும். இரண்டாவது நேராகிவிடும்.